பெயர் மலைக்கு, வாக்கு சமவெளிக்கு

ஏற்காட்டு மலையில் கிளியூரை அடுத்த காப்பித் தோட்டமொன்றில் பணியாற்றும் குடும்பத் தலைவர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிய கடிதத்தில் கேட்டிருக்கும் கேள்வி இது: "தொகுதிக்கு எங்கள் மலையின் பெயர். நிற்பவரும் மலைவாழ் பழங்குடியினராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் கீழே வாழப்பாடியிலும் அயோத்தியாப்பட்டணத்திலும் பத்து நாள் சுற்றுகிறார்கள். எங்களிடம் அரை நாள்தான். இது யாருடைய தொகுதி?"

கேள்வி சிறியது, விடையோ நம் அரசியல் சட்டம் வரை செல்வது. ஆகவே இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

ஏற்காட்டை வெயிற்காலத்தில் மட்டும் கண்டவர்கள் அதனை ஏரி, படகு, மலர்க்கண்காட்சி என்றே நினைவிற் கொள்வார்கள். கிளியூர் அருவியையும் பார்த்திருப்பார்கள். ஏரி நிரம்பி வழியும் நீர் ஏறத்தாழ முந்நூறு அடி ஆழப் பள்ளத்தாக்கில் விழும் இடம் அது. மழை பொய்த்த ஆண்டில் வெறும் பாறையே தெரியும். ஆனால் சேர்வராயன் மலை, பார்க்க வருவோருக்காகப் பிறந்ததன்று. 1820-களில் சேலத்தின் ஆட்சித் தலைவராயிருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் இங்குக் காப்பிச் செடியைக் கொண்டுவருவதற்கு எத்தனையோ தலைமுறைகள் முன்னரே இங்கு வாழ்ந்தவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரோ என்று மயங்கவேண்டா. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வந்த பெயர்; பேசுவது தமிழ்; பெயருக்குப் பின் கவுண்டர் என்று போட்டுக்கொள்வர்.

இவர்களிடையே ஒரு பழங்கதை வழங்குகிறது. காஞ்சியிலிருந்து மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்தனராம். மூத்தவர் பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்கினார். நடுவண்ணன் பச்சைமலைக்குச் சென்றார். இளையவர் சின்னண்ணன் கொல்லிமலையை அடைந்தார். இம்மூன்று மலைகளின் மக்களும் அம்மூவர் வழியினர் என்பது அவர்கள் நம்பிக்கை. இக்கதையை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்கக் கோருகிறேன். தொகுதிக் கணக்கில் அது மறுபடியும் வரும்.

நம் அரசியல் சட்டத்தின் 332-ஆவது பிரிவு, மாநிலச் சட்டமன்றங்களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அவரவர் மக்கள்தொகை விகிதப்படி இடங்களை ஒதுக்குகிறது. முதலில் பத்தாண்டுகளுக்கென்று வகுக்கப்பட்ட இவ்வேற்பாடு பத்துப் பத்தாண்டாக நீட்டிக்கப்பட்டு, 104-ஆவது திருத்தத்தால் 2030 வரை நீண்டுள்ளது. (அதே திருத்தம், ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த நியமன உறுப்பினர் முறையை நீட்டிக்காமல் விட்டுவிட்டது. பழைய ஏற்காட்டைத் தெரிந்தவர்கள் இச்செய்தியை ஒரு பெருமூச்சோடுதான் படித்திருப்பார்கள்.)

தொடக்கத்தில் இருந்த முறை வேறு. 1952, 1957 தேர்தல்களில் நாட்டின் பல பகுதிகளில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதிக்கு இருவர். ஓரிடம் பொது, ஓரிடம் ஒதுக்கப்பட்டது. வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. சமவெளியாரும் மலையாரும் ஒரே தொகுதியில் இருந்தாலும் இருசாராருக்கும் ஆள் கிடைக்கும் என்பது கருத்து. ஆனால் 1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் எவரும் எதிர்பாராதது நடந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி அங்கே பொது இடத்தை நாடி நின்றார். வாக்குகளை எண்ணிப் பார்த்தால், முதலிரண்டு இடங்களையும் பெற்றவர்கள் பழங்குடி வேட்பாளர்கள்! ஒதுக்கிய இடம் ஒருவருக்கு, பொது இடம் மற்றவருக்கு என்று அறிவிக்கப்பட்டது. கிரி வழக்குத் தொடுத்தார். 1959-இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவு சரியே என்று தீர்த்தது. பொது இடம் என்றால் அது எல்லாருக்கும் பொதுதானே! ஆனால் 1961-இல் நாடாளுமன்றம் இரட்டைத் தொகுதி முறையையே சட்டமியற்றி நீக்கிற்று. அன்றுமுதல் ஒரு தொகுதிக்கு ஒருவர். ஒதுக்கப்பட்ட தொகுதியானால் நிற்பவர் அவ்வினத்தவராயிருக்க வேண்டும். வாக்களிப்பவர் தொகுதியிலுள்ள எல்லாரும்.

கிளியூர் அன்பரின் கேள்விக்கு விடை இங்குதான் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 2013-ஆம் ஆண்டு ஏற்காடு தொகுதியின் வாக்காளர் ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம் பேர். ஆனால் ஏற்காடு வட்டத்தின் மொத்த மக்கள்தொகையே, குழந்தை குட்டிகள் உட்பட, 2011 கணக்கெடுப்பில் நாற்பதாயிரத்தை ஒட்டியதுதான். வாக்குரிமை உள்ளவர் முப்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால், தொகுதியில் எட்டில் ஒரு பங்கு. அவ்வட்டத்திலும் எல்லாரும் பழங்குடியினர் அல்லர். தோட்டங்களுக்கு வந்து தங்கிய தொழிலாளர், கடைக்காரர், பள்ளிகளைச் சார்ந்தோர் எனப் பலர் இருக்கின்றனர். கருமந்துறைப் பக்கம் கல்ராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதியிலும் மலையாளிகள் உள்ளனர் என்பது உண்மையே. ஆயினும் சேலம் மாவட்டம் முழுவதிலும் உள்ள பழங்குடியினர் ஆண், பெண், குழந்தைகள் யாவரையும் சேர்த்தே 2011-இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம் பேர்தான். மாவட்டத்துப் பழங்குடியினர் அனைவரையும் கொண்டுவந்து இவ்வொரு தொகுதியில் குடியேற்றினாலும் அவர்கள் வாக்காளரிற் பாதியாகமாட்டார்கள். மரவள்ளியும் பாக்கும் பயிரிடும் சமவெளி உழவரும், சேலம் நகரை ஒட்டிய அயோத்தியாப்பட்டண வட்டாரத்தாருமே முடிவைத் தீர்மானிக்கின்றனர்.

அம்முடிவு எவ்வாறு இருந்து வந்திருக்கிறது?

எழுபதுகளில் இத்தொகுதி தி.மு.கழகத்தின் சின்னுசாமி வசம் இருந்தது. 1977-இல் எம்.ஜி.ஆர். முதன்முறையாக ஆட்சிக்கு வந்தபோதும் ஏற்காடு எதிர்ப்பக்கமே நின்றது. அதன் பின்னர்தான் வியப்பு. 1980-இலும் 1984-இலும் அ.தி.மு.கழகத்தின் திருமன் வென்றார், ஆட்சியும் அக்கட்சியுடையது. 1989-இல் தி.மு.க.வின் தனக்கோடி, ஆட்சி தி.மு.க. 1991-இல் அ.தி.மு.க.வின் சி. பெருமாள், ஆட்சி அ.தி.மு.க. 1996-இல் தி.மு.க.வின் வி. பெருமாள். (பெருமாளை அடுத்துப் பெருமாள், முதலெழுத்தைப் பார்த்துத்தான் கட்சியை அறியவேண்டும்.) 2001-இல் அ.தி.மு.க.வின் இளையகண்ணு. 2006-இல் தி.மு.க.வின் தமிழ்செல்வன். 2011-இல் மீண்டும் சி. பெருமாள். 2016-இல் அ.தி.மு.க.வின் சித்ரா. ஒன்பது பொதுத்தேர்தல்களில் ஒன்றுகூடத் தவறாமல், கோட்டையில் எந்தக் கட்சியோ ஏற்காட்டிலும் அக்கட்சியே. 2021-இல்தான் இவ்வரிசை அறுந்தது. அவ்வாண்டு ஆட்சி தி.மு.க. கைக்கு மாறியும், ஏற்காட்டில் சித்ராவே மறுபடியும் வென்றார்.

இதனைக் கண்டு சிலர், 'ஏற்காடு யார் பக்கமோ ஆட்சி அவர் பக்கம்' என்று சகுனம் பார்ப்பதுபோலப் பேசுவதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தமிழகமெங்கும் காற்று எப்பக்கம் அடித்ததோ, அப்பக்கமே சேலத்துச் சமவெளியிலும் அடித்தது, அவ்வளவுதான். மலையின் மனம் தனியே எவ்வாறு இருந்தது என்பதனை இத்தொகுதியின் வெற்றிப் பட்டியலைக்கொண்டு எவராலும் சொல்ல இயலாது. எட்டில் ஒரு பங்கு வாக்கு வேறுபக்கம் சாய்ந்திருந்தாலும் பட்டியலில் அது தெரியாது. இதுவே, என் எண்ணத்தில், இவ்வரலாறு காட்டும் உண்மையான செய்தி.

இத்தொகுதியை நாடெங்கும் பேச வைத்தது 2013-ஆம் ஆண்டு இடைத்தேர்தல். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் உறுப்பினர் சி. பெருமாள் காலமானார். டிசம்பர் 4-ஆம் நாள் வாக்குப்பதிவு. அ.தி.மு.க. அவருடைய துணைவியார் சரோஜாவை நிறுத்திற்று; தி.மு.க. மாறனை நிறுத்திற்று. மற்றப் பெரிய கட்சிகள் ஒதுங்கிக்கொண்டன. அமைச்சர் பலர் வந்து ஊர் ஊராக முகாமிட்டனர். கொடிவண்டி நுழைய அஞ்சும் சிற்றூர்ப் பாதையிலெல்லாம் அரசியல் கார்கள் ஏறியிறங்கின. பதிவான வாக்கு 89 விழுக்காட்டுக்கு மேல்! முடிவில் சரோஜா 1,42,771 வாக்குகளும், மாறன் 64,655 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 78,116.

அத்தேர்தலில் இன்னொரு புதுமையும் இருந்தது. வேட்பாளர் எவரையும் விரும்பாதவர் அதனைத் தெரிவிப்பதற்கு முன்பு ஒரு வழிதான் உண்டு. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லி, அவர் கையிலுள்ள பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். '49 ஓ' என்று தமிழகத்தார் அறிந்த விதி அது. அறை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க இரகசியம் ஏது? 2013 செப்டம்பர் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இயந்திரத்திலேயே அதற்கொரு பொத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 'மேற்கண்டவருள் எவருமில்லை' எனப் பொருள்படும் 'நோட்டா' என்னும் அப்பொத்தான் தமிழகத்தில் முதன்முதலாக வைக்கப்பட்டது ஏற்காட்டு இடைத்தேர்தலில்தான். அதனை அழுத்தியவர் 4,431 பேர். இரு பெருங்கட்சிகளுக்கு அடுத்த மூன்றாம் இடம் அதற்கே. அவர்களுள் மலையார் எத்தனை பேர், சமவெளியார் எத்தனை பேர் என்பதை அவ்வெண் சொல்லாது. நோட்டா எத்தனை பெற்றாலும் முடிவு மாறாது என்பதும் விதி. ஆயினும் அமைச்சர் குழுவே வாசலில் வந்து நின்ற ஒரு தேர்தலில், நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் 'இருவரும் வேண்டா' என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனதை நான் எளிதாக எண்ணவில்லை.

இவ்வளவு கூறியபின், 'அப்படியானால் ஒதுக்கீடே வீண்தானா?' என்று வாசகர் கேட்கக்கூடும். வீணென்று சொல்லமாட்டேன். ஒதுக்கீடு இல்லாதிருந்தால், இத்தனை தேர்தல்களில் ஒரு மலையாளிப் பழங்குடியினராவது சென்னைச் சட்டமன்றத்தின் படியேறியிருப்பாரா என்பது ஐயமே. பெரிய கட்சிகள் பொதுத் தொகுதியில் பழங்குடியினரை நிறுத்துவது அரிது. சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் பலநாள் காத்து நின்ற இனத்தாருக்கு, 'எங்களவர் ஒருவர் அங்கே இருக்கிறார்' என்பது சிறிய ஆறுதலன்று. ஆனால் அவரைத் தேர்ந்து அனுப்பும் கட்சித் தலைமைக்கும், வெல்லவைக்கும் சமவெளிக்கும் அவர் கடன்பட்டவர். மலைக்காகக் குரலெழுப்பி அவ்விருவரையும் பகைத்துக்கொண்டால் அடுத்தமுறை அவர் பெயர் பட்டியலில் இராது. கட்சிகள் வளர்த்தெடுத்த மலைவாழ் தலைவர்களும் சிலரே. 1991-இல் வென்ற பெருமாளே இருபதாண்டு கழித்து 2011-இலும் வேட்பாளர். அவர் மறைந்ததும் அவர் துணைவியார். மறுபக்கம், 2006-இல் வென்ற தமிழ்செல்வனே 2011, 2016, 2021 மூன்றிலும் நின்று தோற்றார்.

ஆளுங்கட்சித் தொகுதியாக இருப்பதால் எல்லாம் வந்துவிடும் என்பதற்கும் இல்லை. 2006-இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. தலைமுறை தலைமுறையாக உழுது வந்த காட்டு நிலத்துக்கு உரிமை ஆவணம் தரும் சட்டம் அது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழகத்தில் அவ்வாவணங்களை வழங்குவது நின்றுபோயிற்று. 2016-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கும் வரை எட்டாண்டு கழிந்தது. அவ்வெட்டாண்டிலும் ஏற்காடு ஆளுங்கட்சியின் கையில்தான் இருந்தது. முதலில் ஒரு கட்சி, பிறகு மற்றது.

இன்னுமொன்று. பத்து மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகள் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின் கீழ்த் தனிப்பகுதிகளாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே நிலத்தையும் காட்டுப் பொருளையும் பற்றிக் கிராமசபைக்குச் சில தனி அதிகாரங்கள் உண்டு. தமிழகத்தில் அத்தகைய பகுதி ஒன்றுகூட இல்லை. பழங்குடியினர் ஆலோசனைக் குழு மட்டும் உண்டு. அதில் இருபது பேர் வரை இருக்கலாம். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் சட்டமன்றத்திலுள்ள பழங்குடி உறுப்பினர்களாயிருக்க வேண்டும் என்கிறது அட்டவணை. ஆனால் இங்கே பழங்குடியினருக்கென ஒதுக்கிய இடங்கள் இரண்டே! மீதி இடங்களைப் பிற பழங்குடியினரைக் கொண்டு நிரப்பிக்கொள்ள அட்டவணையே வழிசெய்திருப்பதால் குழு நடக்கிறது. ஆயினும் பதினைந்து பேர் அமரவேண்டிய வரிசையில் இருவர் அமர்ந்திருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

நம் இல்லங்களில் அடிக்கடி எழும் ஓர் ஐயத்தையும் இங்கே தெளிவாக்கிவிடுகிறேன். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணை மதத்தைக் கணக்கிற் கொள்கிறது. கிறிஸ்தவரானோர் அப்பட்டியலில் இடம்பெற இயலாமையும், அதை எதிர்த்து நடந்துவரும் நீண்ட போராட்டமும் வாசகர் அறிந்தவையே. பழங்குடியினர் பட்டியலுக்கு அத்தடை இல்லை. மலையாளி ஒருவர் கிறிஸ்தவரானாலும் பழங்குடியினரே. அவர் ஏற்காட்டில் வேட்பாளராகவும் நிற்கலாம். ஆனால் காப்பித் தோட்டத்தில் மூன்று தலைமுறையாய் உழைக்கும் பிற இனத்தார், கடிதம் எழுதிய நம் அன்பரைப்போல, வாக்களிக்கலாம், நிற்க முடியாது. அதில் குறை காண்பதற்கில்லை. அவர்கள் நிற்பதற்கு மாநிலத்தில் வேறு பல தொகுதிகள் இருக்கின்றன. மலையாளிகளுக்கு இருப்பவை இரண்டுதான்.

அந்த இரண்டைப் பற்றித்தான் முன்பு சொன்ன மூன்று உடன்பிறந்தார் கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 2008 மறுசீரமைப்புக்கு முன் தமிழகத்தில் பழங்குடியினருக்கு மூன்று தொகுதிகள் இருந்தன: சேர்வராயன் மலைக்கு ஏற்காடு, கொல்லிமலைக்குச் சேந்தமங்கலம், பச்சைமலைக்கு உப்பிலியபுரம். மூன்று உடன்பிறந்தாருக்கு மூன்று தொகுதி என்று வைத்ததுபோலவே இருந்தது! 2001 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடியினர் 6,51,321 பேர். மொத்த மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேல். 234 இடங்களில் அவ்விகிதத்தைக் கணக்கிட்டால் 2.44 வரும். பாதிக்குக் குறைந்த பின்னம் தள்ளப்பட, இரண்டாயிற்று. பெரியண்ணனுக்கும் சின்னண்ணனுக்கும் தொகுதி நிலைத்தது. நடுவண்ணன் மலைக்குரிய உப்பிலியபுரம் மறைந்தது.

2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் 7,94,697 பேராக உயர்ந்தனர். அதே முறையில் கணக்கிட்டால் 2.58 வருகிறது, பாதிக்கு மேல். ஆனால் தொகுதிக் கணக்கு அதற்காக மாற்றப்படவில்லை. 2001-இல் நிறைவேறிய 84-ஆவது திருத்தம், மக்கள்தொகைப்படி இடங்களைத் திருத்துவதை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைத்தது. இதனிடையே 2023-இல் நரிக்குறவரும் குருவிக்காரரும் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டமையால் எண்ணிக்கை மேலும் உயரவே செய்யும். மூன்றாவது இடம் திரும்புவதற்கு எண்கள் இடங்கொடுக்கும் என்றே தோன்றுகிறது. திரும்பினாலும் அது எம்மலையைச் சேரும் என்று இப்போதே சொல்ல முடியாது. பழங்குடியினர் விகிதம் எங்கே மிகுதியோ அங்கே ஒதுக்கவேண்டும் என்பதே எல்லை மறுவரையறைச் சட்டத்தின் விதி.

இக்கணக்கில் இடம்பெறாத மலையாளிகளும் உண்டு. பட்டியலில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களுக்கென்றே குறிக்கப்பட்டிருக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதே பேச்சும் அதே பெயரும் உடையவர்களாயினும், அவர்கள் மாவட்டத்தின் பெயர் அவ்வரியில் இல்லாமையால் பழங்குடியினராக எண்ணப்படாமல், தங்களையும் சேர்க்குமாறு பல்லாண்டுகளாக மனுக் கொடுத்து வந்திருக்கின்றனர்.